விரிசலுக்கு உரியவர் யார்?

ஒரு பிழை நேர்ந்தால் அதற்கு உரியவர் யார் என்று வகுப்பறையில் கண்டறிவது எளிது. மைக்கூடு கவிழ்ந்தால் கவிழ்த்தவன் எழுந்து நிற்பான்; அவன் எழாவிட்டால் பக்கத்தில் இருப்பவன் காட்டிக் கொடுப்பான். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியையாக இருந்த நான் இத்தகைய வழக்குகள் எத்தனையோ தீர்த்திருக்கிறேன். ஆனால் அதே வினா என் வீட்டுப் பின்கட்டில் ஒரு விரிசலாக வந்து நின்றபோது, விடை காண எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த விடையை வாசக அன்பர்கள் முன் வைப்பது பெருமைக்காக அன்று. நம் குடும்பங்களில் பழைய வீடு உடையோர் பலர். அவ்வீடுகளுள் பிற்காலத்தில் எதுவும் சேர்த்துக் கட்டாதவை மிகச் சிலவே. ஆதலின் இது பலருக்கும் பயன்படக்கூடும்.

பழைய வீடும் பின்கட்டும்

நானும் என் கணவரும் ஆசிரியப் பணியின் பொருட்டு வந்தவாசிப் பக்கத்திலிருந்து கொங்கு நாட்டுக்கு வந்தவர்கள். 1981-ஆம் ஆண்டு குன்னத்தூரில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். அப்போதே அதற்கு அறுபது வயதாகியிருந்தது என்பர். மண் சாந்தில் அடுக்கிய செங்கற் சுவர். ஒன்றரை அடிக் கனம். அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. மரச் சட்டங்களின் மேல் ஓடு. கோடையில் உள்ளே நுழைந்தால் மரத்தடியில் நிற்பது போல் இருக்கும். எத்தனையோ மழைகளைத் தாங்கி, அமரவேண்டிய அளவுக்கு நிலத்தில் அமர்ந்து, இனி அசையேன் என்று நின்ற வீடு அது.

1990-களில் திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பெருகியது. சுற்றுப்புற ஊர்களுக்கெல்லாம் பனியன் கம்பெனி வேன்கள் வரத் தொடங்கின. தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகை வீடு கிடைப்பது அரிதாயிற்று. கொல்லைப்புறம் உள்ளவர்களெல்லாம் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டனர். நாங்களும் 1995-ஆம் ஆண்டு இரண்டு குடும்பங்களுக்கான பின்கட்டு ஒன்றை எழுப்பினோம். ஒரு சுவர் மிச்சமாகும் என்பதற்காக, புதிய காங்கிரீட் தளத்தின் ஒரு விளிம்பைப் பழைய வீட்டின் பின்சுவர் மீதே ஏற்றி வைத்தோம். 2003-இல் அத்தளத்தின் மேல் இன்னோர் அறையும் கட்டினோம். ஓட்டுக் கூரையைத் தாங்குவதற்கென்று எழுந்த மண் சாந்துச் சுவர், மறுப்பேதும் சொல்லாமல் இவ்வளவையும் சுமந்தது.

அகிம்சை விரதத்துக்கு நேரும் குறைகளுள் ஒன்றாக, தாங்கும் அளவுக்கு மேல் சுமையேற்றுவதை நம் முன்னோர் எண்ணினர். அவர்கள் உயிருள்ளவற்றை மனத்திற் கொண்டே அவ்வாறு கூறினர். எனினும் சுவருக்கு மேலும் கீழும் இருப்பவை உயிர்கள்தாமே?

கண்ணாடித் துண்டு சொன்ன செய்தி

பழைய சுவரும் புதிய சுவரும் சேருமிடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் நெடுநாளாகவே இருந்தது. ஆண்டுதோறும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதைச் சிமெண்டால் அடைத்துவிடுவோம். ஆடி மாதத்துக்குள் அது மறுபடி வாய் திறக்கும். 2021-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையின்போது அவ்விரிசலில் ஒரு விரல் நுழையும் அளவு வந்துவிட்டது. ஒரு குடித்தனத்தின் அடுப்படியில் தளத்தின் அடிப்பூச்சு ஒரு முழ நீளத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. நல்வேளையாக அப்போது அங்கே யாரும் இல்லை.

பொறியாளர் ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். அவர் விரிசலின் குறுக்கே மூன்று இடங்களில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டினார். விரிசல் பழையதாகி நின்றுவிட்டதானால் கண்ணாடி முழுதாக இருக்கும். இன்னும் நகர்கிறதானால் உடையும் என்றார். இரண்டு மாதத்தில் மூன்றும் உடைந்தன.

காரணங்களை அவர் எனக்குப் பாடம் போலவே விளக்கினார். பழைய வீடு தன் அடித்தளத்தில் என்றோ அமர்ந்துவிட்டது. புதிய கட்டு ஆழமில்லாத வானத்தில் நின்று, இன்னும் அமர்ந்துகொண்டிருக்கிறது. அமர்ந்ததையும் அமர்வதையும் ஒன்றாகப் பிணைத்தால் பிணைத்த இடம் பிளக்கும். தளத்துக் கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டர் கனத்துக்குக் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும். எங்கள் தளத்தில் பல இடங்களில் அதில் பாதிகூட இல்லை. ஈரம் புகுந்து கம்பி துருப்பிடித்தது. துருவான இரும்பு முன்னிலும் இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். அதனால் தன்னை மூடிய காங்கிரீட்டைத் தானே உடைத்துத் தள்ளும். மேலும், பின்கட்டோடு பொருந்தி அழகாக இருக்கட்டும் என்று பழைய சுவரின் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிச் சிமெண்டு பூசியிருந்தோம். சுண்ணாம்பு சுவரின் ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைக்கும். அறுபது ஆண்டுகள் உலர்ந்திருந்த மண் சாந்து நனைந்து நெகிழ்ந்தது இவ்வாறுதான்.

எங்களுக்கு மூவகை அறிவுரைகள் வந்தன. கம்பிவலை வைத்துப் பூசி வண்ணம் அடித்துவிடலாம், இன்னும் பத்து ஆண்டு ஓடும் என்றனர் உறவினர் சிலர். பூசிவிட்டு வீட்டை விற்றுவிடலாம் என்றான் என் மகன். “வாங்குகிறவர் எப்படியும் இடித்துத்தானே கட்டப்போகிறார் அம்மா? கேட்டால் சொல்லுவோம்” என்பது அவன் கட்சி. கேளாமல் இருக்கும்படி பூசிவிட்டு, கேட்டால் சொல்லுவோம் என்பது எந்த வகைப் பொய்யாமை என்று நான் வினவினேன். அவன் பேசவில்லை. மூன்றாவது வழி, பின்கட்டை முழுவதும் இறக்கிவிட்டு மறுபடி கட்டுவது. ஓய்வூதியக்காரிக்கு அது எளிய செலவு அன்று. வாடகையும் நின்றுபோகும். உண்மையைச் சொல்வதானால், நானும் சில நாள் முதல் அறிவுரையின் பக்கமே சாய்ந்திருந்தேன்.

என் கையெழுத்து

அதுவரை இந்தக் குறை முழுவதும் கொத்தனாருடையது என்பதே என் தீர்ப்பு. இருபத்தைந்து ஆண்டுகளாக வருவோர் போவோரிடமெல்லாம் அதைச் சொல்லிவந்தேன். மறுகட்டுமானக் கணக்குக்காகப் பழைய அளவுகளைத் தேடியபோது, 1995-ஆம் ஆண்டின் செலவு நோட்டு அலமாரியிலிருந்து கிடைத்தது. சிமெண்டு மூட்டை, ஜல்லி, மணல், கூலி என்று நாள்தோறும் எழுதியிருந்தேன். ஒரு பக்கத்தில், நீல மையில், என் கையெழுத்தில் இவ்வாறு இருந்தது: தளத்துக் கம்பி, ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்றதை ஒன்பது அங்குலமாக்கியது, மிச்சம் ரூ. 1,400. அதன் கீழே, வகுப்பில் நல்ல விடைக்கு இடுவதுபோல் ஓர் அடிக்கோடும் இட்டிருந்தேன்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. மறுநாள் அந்தக் கொத்தனாரின் வீட்டுக்குப் போனேன். அவரும் முதியவராகிவிட்டார்; கண் சரியாகத் தெரியவில்லை. நோட்டில் கண்டதைச் சொன்னேன். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “நீங்க சொன்னதும் நெசமுங்க டீச்சரம்மா, நான் செஞ்சதும் நெசமுங்க. இப்பிடிக் கட்டறதுன்னா வேண்டாமுங்கன்னு சொல்லீட்டுக் கருவியை எடுத்துக்கிட்டு வந்திருக்கோணும். கூலி போயிருமேன்னு நின்னுபோட்டேன்.”

நான் அவர் மீது பழி சுமத்திய ஆண்டுகளிலெல்லாம் அவர் என்னைப் பற்றி யாரிடமும் ஒரு சொல்லும் சொன்னதில்லை என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

மூன்று பங்கு

வினை மூன்று வாயிலால் நம்மை அடையும் என்று சிறுவயதிலேயே நமக்குக் கற்பிக்கப்படுகிறது: செய்தல், செய்வித்தல், உடன்படுதல். கொத்தனார் செய்தார், நான் செய்வித்தேன். ‘ஏதோ, நீயே பார்த்துச் செய்’ என்ற என் கணவர் உடன்பட்டார். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. அவர் பங்கை அளக்க நான் விரும்பவில்லை. ஆனால் இக்கணக்கு 1995-இல் முடிந்துவிடவில்லை என்பதே நான் கண்டுகொண்ட செய்தி. அன்று செய்தவரும் செய்வித்தவரும் யாராயினும், இன்று விரிசலைக் கண்டறிந்தபின் அதைப் பூசி மறைப்பவர் புதிதாக உடன்படுகிறார். வீட்டை வாங்கியவராயினும், மரபுரிமையாகப் பெற்றவராயினும், ‘நான் கட்டவில்லையே’ என்பது அவருக்கு விடையாகாது. அவர் கட்டாமல் இருக்கலாம். அறிந்த நாள் முதல் அவரே அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்.

இது மிகையாகத் தோன்றினால், நம் பகுதியின் தொழிலையே செய்யும் இன்னொரு நாட்டை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். வங்காளதேசத்தின் டாக்கா நகரை அடுத்த சாவாரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. அதன் மேல்மாடிகள் அனுமதியின்றிச் சேர்க்கப்பட்டவை. ஒன்பதாவது மாடியும் எழும்பிக்கொண்டிருந்தது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று கட்டிய இடத்தில் ஆடைத் தொழிற்கூடங்களின் பொறிகளும், பெரிய ஜெனரேட்டர்களும் ஏற்றப்பட்டிருந்தன. 2013 ஏப்ரல் 23-ஆம் நாள் சுவர்களில் பெரும் விரிசல்கள் கண்டன. கட்டடத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆனால் தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலையில் வேலைக்கு வரப் பணிக்கப்பட்டனர். ஏப்ரல் 24 அன்று கட்டடம் இடிந்தது. 1,134 பேர் மாண்டனர். இடிந்ததற்குக் காரணம் கட்டியவரின் பேராசை. அத்தனை பேர் உள்ளே இருந்ததற்குக் காரணம், முதல்நாளே விரிசலைக் கண்டும் பரவாயில்லை என்று சொன்னவர்களின் உடன்பாடு.

நின்றுகொண்டிருப்பதே உறுதிக்குச் சான்று என்று கொள்வதும் தவறு. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ஆம் நாள், கட்டுமானத்தில் இருந்த பதினோரு மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தனர். அதன் அருகில் அதனுடனேயே எழுந்த இன்னொரு கட்டடம் விழாமல் நின்றது. அதையும் நம்பவியலாது என்று முடிவு செய்து 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தனர்.

குடியிருந்தவள் சொன்ன சொல்

இடிப்பது என்று முடிவானபின் குடித்தனக்காரர்களிடம் உண்மையைச் சொல்லப் போனேன். ஒரு குடும்பம் ஒடிசாவிலிருந்து வந்தது. கணவன் மனைவி இருவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள். சுவர் ஆபத்தானது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அந்தப் பெண் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: “தெரியும் டீச்சர் அம்மா. ரெண்டு வருஷமா அந்தப் பக்கம் கட்டில் போடலை. குழந்தையை அங்க படுக்க வைக்கலை. சொன்னா வீடு காலி பண்ணச் சொல்லுவீங்களோன்னு பயம்.”

உடன்படுதல் பற்றி நான் வகுத்து வைத்திருந்த கணக்கை இச்சொல் திருத்தியது. அவளும் அறிந்திருந்தாள், அவளும் பேசாதிருந்தாள். அவள் மௌனமும் என் மௌனமும் ஒன்றாகுமா? ஆகா. பேசினால் இழப்பதற்கு அவளுக்கு ஒரே ஒரு கூரைதான் இருந்தது. பேசினால் எனக்குக் குறைவது வாடகை மட்டுமே. அச்சத்தால் வாய்மூடியவரை உடன்பட்டவர் என்று சொல்வது, சுமையை இரண்டாம் முறையும் அவர் தலையிலேயே ஏற்றுவதாகும். சாவாரில் மறுநாள் காலை படியேறிய தொழிலாளர்களும் அவ்வாறே. தடுக்கும் ஆற்றல் உடையவரின் மௌனமே உடன்பாடு.

மறைத்தலும் நிலைநிறுத்தலும்

இங்கே நம் அன்பர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஐந்தாவது உபகூஹனம் அன்றோ? அறியாமையாலும் இயலாமையாலும் பிறர் செய்த குறையைப் பறைசாற்றாமல் மறைப்பது அறம் எனும்போது, விரிசலை மறைத்தால் மட்டும் குற்றமா?

இவ்வினா என்னையும் நெடுநாள் வருத்தியது. நான் தெளிந்தது இதுதான்: மறைக்கத் தக்கது மனிதரின் குறை, மறைக்கத் தகாதது அக்குறையால் பிறருக்கு வரும் ஆபத்து. நானோ இரண்டையும் தலைகீழாகச் செய்துவந்தேன். கொத்தனாரின் குறையை ஊரெல்லாம் சொன்னேன். சுவரின் குறையைப் பொங்கல்தோறும் பூசினேன். அவரோ என் குறையை மறைத்தார். உபகூஹனத்தை நம் நூல்களில் படிக்காத அவர் அதைக் கடைப்பிடித்தார். படித்த நான் அதன் பெயரை மட்டுமே அறிந்திருந்தேன். மேலும், ஐந்தாவது அங்கத்தை அடுத்து ஆறாவதாக நிற்பது ஸ்திதிகரணம், அதாவது நிலை தளர்ந்தவரை மீண்டும் நிலைநிறுத்துதல். மறைப்பதோடு நின்றுவிடாமல் நிலைநிறுத்தவும் வேண்டும் என்பதை அவ்வரிசையே உணர்த்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

இடிப்பதும் இம்சையன்றோ என்று கேட்டவரும் உண்டு. ஆம். பழஞ்சுவரின் பொந்துகளில் எறும்பும் பல்லியும் குளவியும் வாழ்ந்தன. மேலறையின் சன்னலில் அணிற்கூடு ஒன்றில் குஞ்சுகள் இருந்தன. இல்லறத்தார் கருதிச் செய்யும் கொலையை முற்றும் விடவேண்டும். இல்வாழ்க்கையின் தொழில்களில் தவிர்க்க இயலாது நேரும் இம்சையை விழிப்புடன் குறைக்க வேண்டும். குடித்தனக்காரர்களை உடனே எங்கள் முன்கட்டுக்கு மாற்றினோம். அதற்கு ஒரு நாளும் காத்திருக்கவில்லை. தளத்துக்கு முட்டுக் கொடுத்தபின், அணிற்குஞ்சுகள் வெளியேறும் வரை மூன்று வாரம் காத்திருந்தோம். அதற்கு மேலும் சில உயிர்கள் அழிந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ரூ. 1,400-க்கு அவையும் விலை கொடுத்தன.

மறுபடி கட்டியது

கட்டிய வரிசைக்கு நேர் எதிராக, மேலிருந்து கீழாகக் கையாலேயே இறக்கினோம். நல்ல செங்கற்களைத் தனியே அடுக்கிச் சுற்றுச்சுவருக்குப் பயன்படுத்தினோம். உடைந்த காங்கிரீட்டைத் தரை நிரப்பினோம். புதிய பின்கட்டு இப்போது தன் சொந்த அடித்தளத்தில், தன் சொந்தத் தூண்களின் மேல் நிற்கிறது. பழைய வீட்டின் மேல் அது ஒரு செங்கல் எடையும் வைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி. மழைநீர் இறங்காதபடி அதன் மேலே தகட்டு மூடி. மேல்மாடி அறையைக் கட்டவில்லை. பழைய சுவரின் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு மீண்டும் சுண்ணாம்பு பூசினோம். சுவர் உலர ஒரு கோடை முழுவதும் ஆயிற்று. தளம் போட்ட நாளில் அந்த முதிய கொத்தனாரை அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்தினோம். கண் தெரியாவிட்டாலும் கம்பிகளின் இடைவெளியை விரலால் அளந்து பார்த்துத் தலையசைத்தார். குடித்தனக்காரர்கள் பழைய வாடகைக்கே திரும்பி வந்தனர். செலவில் ஒரு பகுதியை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன். என் மகனும் கேளாமலே அதில் பங்கேற்றான்.

பழைய வீட்டோடு எதையும் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்தன்று. எங்கள் ஊருக்குத் தொலைவில் இல்லாத விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயிலின் மண்டபங்கள் ஒரே காலத்தில் எழுந்தவை அல்ல. பின்வந்தோர் முன்னோர் கட்டியதற்கு ஏற்பச் சேர்த்தவை அவை. பவணந்தி முனிவரின் ஊராகக் கருதப்படும் சீனாபுரமும் இப்பகுதியில்தான் உள்ளது. அவர் இயற்றிய நன்னூல், தொல்காப்பியத்தின் வழிவந்த நூல். முன்னதன் பெருமையைக் கெடுக்காமல் தனக்கென ஓர் உறுதியும் கொண்டு நிற்பதால் அது இன்றும் பயிலப்படுகிறது. பழையதைச் சார்ந்து நிற்கலாம். அதன் மேல் சாய்ந்து நிற்றல் ஆகாது.

உடைந்த கண்ணாடித் துண்டுகளில் ஒன்றை அந்தச் செலவு நோட்டின் அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன். என் பேத்தி அதைக் கண்டு என்னவென்று கேட்டாள். அடிக்கோடு உட்பட எல்லாவற்றையும் காட்டினேன். இவ்விதழைப் படித்து முடித்ததும், வாசக அன்பர்கள் தத்தம் வீட்டில் பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் மூலையை ஒருமுறை சென்று பார்க்க வேண்டுகிறேன். அங்கே அண்மையில் பூசிய தடம் தெரிந்தால், பூசச் சொன்னவர் யார் என்றும், அச்சுவரின் மறுபக்கத்தில் உறங்குபவர் யார் என்றும் எண்ணிப் பாருங்கள்.